‘அட்ஜஸ்ட்’: ஒரு சொல்லும் அதன் அறமும்

மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று சொற்களைக் கடன் பெறுவது உலக இயல்பு. புதிய பொருள் ஒன்று வரும்போது அதன் பெயரும் உடன் வந்துவிடுகிறது. பஸ், ரயில், டிக்கெட் முதலிய சொற்கள் அவ்வாறு நம்மிடம் வந்தவை. ஆனால் ஒரு செயலைக் குறிக்க நம்மிடம் பத்துச் சொற்கள் இருந்தும், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அயல்மொழிச் சொல் ஒன்று நம் நாவில் குடியேறுமானால், அதன் காரணத்தை ஆராய்வது தகும். ‘அட்ஜஸ்ட்’ என்பது அத்தகைய சொல்.

மும்பை மாநகரில் இச்சொல்லைக் கேளாமல் ஒரு நாளைக் கழிப்பது அரிது. தமிழரும் மராட்டியரும் குஜராத்தியரும் வடநாட்டவரும் தத்தம் மொழியின் வினையோடு இதனை இணைத்துக்கொண்டுவிட்டனர். ‘அட்ஜஸ்ட் கரோ’ என்கிறது ஹிந்தி. ‘அட்ஜஸ்ட் பண்ணுங்கள்’ என்கிறது தமிழ். பல மொழியினர் நெருங்கி வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் இது யாருக்கும் சொந்தமில்லாத, ஆதலால் எல்லோருக்கும் சொந்தமான சொல்லாக உலவுகிறது.

இதன் பயன்பாடுகள்தாம் எத்தனை! மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை முகத்திற்குப் பொருந்துமாறு வளைத்துத் தருவது அட்ஜஸ்ட். தைத்த ஆடையின் இடுப்பளவைத் தையற்காரர் சிறிது குறைப்பது அட்ஜஸ்ட். ஆண்டிறுதியில் கணக்கர் பதிவுகளைச் சரிசெய்வதும், மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை அடுத்த முறை கழித்துக்கொள்வதும் அதுவே. நெரிசலான ரயிலில் மூவர் அமர்ந்த இருக்கையில் நான்காமவருக்கு இடம் தருவதும் அட்ஜஸ்ட். புகுந்த வீட்டில் மகள் படும் துன்பத்தைக் கேட்டுவிட்டுப் பெற்றோர் அவளைத் திருப்பி அனுப்பும்போது சொல்வதும் அட்ஜஸ்ட். அலுவலகக் கோப்பு நகர்வதற்காக உறையில் வைத்துத் தரப்படும் பணத்திற்கும் அதே பெயர்.

கருவியைத் திருத்துவது, மனத்தைப் பக்குவப்படுத்துவது, கொடுமையைச் சகிப்பது, சட்டத்தை வளைப்பது ஆகிய நான்கும் வெவ்வேறு செயல்கள். இவற்றுள் புண்ணியமும் உண்டு; பாவமும் உண்டு. தமிழில் பேசினால் அவற்றுக்கு வெவ்வேறு பெயரிட வேண்டியிருக்கும். விட்டுக்கொடுத்தேன், பொறுத்துப்போனேன், கண்டும் காணாமல் இருந்தேன், லஞ்சம் கொடுத்தேன் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லும்போதே மனச்சாட்சி விழித்துக்கொள்ளும். ‘அட்ஜஸ்ட் செய்தேன்’ என்றால் அது உறக்கத்திலேயே இருக்கும். இச்சொல் இத்தனை விரைவில் நம் நாவில் குடியேறியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

அப்படியானால், அட்ஜஸ்ட் செய்துகொள்வது நற்குணமா, குற்றமா? எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது?

சொல்லின் வேர்

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘யுக்ஸ்டா’ என்றால் ‘அருகில்’ என்று பொருள். ‘அருகே கொண்டுவருதல்’ என்னும் பொருளுடைய பிற்கால லத்தீன் வினை ஒன்று அதிலிருந்து தோன்றி, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வழியில் ஒரு சுவையான மயக்கம் நேர்ந்தது. லத்தீனில் நீதியுடையது என்னும் பொருள் தரும் ‘யுஸ்டுஸ்’ என்னும் சொல்லிலிருந்தே இது பிறந்திருக்க வேண்டும் எனப் பலர் எண்ணினர். ஆங்கிலத்தில் நீதியைக் குறிக்கும் ‘ஜஸ்ட்’ என்னும் ஒலி இச்சொல்லின் உள்ளேயே கேட்பதால் அந்த எண்ணம் வலுப்பெற்றது. சொல்லின் வடிவமும் பொருளும் அதற்கேற்ப மாறின.

ஆகவே இச்சொல்லுக்கு இரு தாயர். பெற்ற தாய் நெருக்கம். வளர்த்த தாய் நீதி. தேவகியையும் யசோதையையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு இல்லை. இருவரில் எவரை நீக்கினாலும் பிள்ளையின் வரலாறு நிறைவடையாது. நெருக்கம் இருந்து நீதி இல்லாவிட்டால் அட்ஜஸ்ட் என்பது கூட்டுக் குற்றமாகும். நீதி இருந்து நெருக்கம் இல்லாவிட்டால் அது வெறும் கணக்குத் தீர்த்தலாகும். இரண்டும் சேர்ந்திருக்கும்போதே அது அறமாகிறது.

நான்காவது இருக்கை

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், மும்பை போரிபந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் தூரம் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த வழித்தடத்தை உள்ளிட்ட மும்பைப் புறநகர் ரயில்களில் இன்று நாள்தோறும் அறுபது லட்சத்திற்கும் மேற்பட்ட பயணங்கள் நிகழ்கின்றன. மூவருக்கென அமைக்கப்பட்ட இருக்கையில் நான்காமவர் அமர்வது இங்கே எழுதாச் சட்டம். நிற்பவர் தாழ்ந்த குரலில் கேட்பார். சில சமயம் கையசைவே போதும். மூவரும் சிறிது நகர்வர். நான்காமவர் இருக்கையின் விளிம்பில் பாதி உடலை வைத்து அமர்வார்.

இச்சிறு நிகழ்ச்சியை உற்று நோக்கினால், அதனுள் ஓர் அறநூலே அடங்கியிருப்பது தெரியும். கேட்பவருக்கு அந்த இடத்தின்மேல் உரிமை இல்லை. ஆதலால் அவர் ஆணையிடுவதில்லை. தருபவருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆயினும் அவர் மறுப்பதில்லை. இழப்பு மூவருக்கும் பங்கிடப்படுவதால் எவருக்கும் பெருஞ்சுமை ஆவதில்லை. இன்று நகர்ந்தவர் நாளை தாமே நான்காமவராக நிற்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஐந்தாமவர் வந்து கேட்பதில்லை. நகர்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் படித்தவரும் படியாதவரும் ஒருபோல அறிந்திருக்கின்றனர்.

வள்ளுவப் பெருந்தகை ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமும், ‘கண்ணோட்டம்’ என ஓர் அதிகாரமும் வகுத்தார். பிறர் தேவையைத் தன் தேவையோடு ஒப்பவைத்துக் காண்பது ஒப்புரவு. பிறர் துன்பத்தைக் கண்ட கண்ணில் இரக்கம் ஓடுவது கண்ணோட்டம். நான்காவது இருக்கையில் இவ்விரண்டும் உள்ளன. அதே வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்றும் ஓர் அதிகாரம் வகுத்துத் துலாக்கோலை உவமையாக வைத்தார் என்பதையும் மறத்தலாகாது. கண்ணோட்டம் வேண்டும் என்பதற்காகத் துலாக்கோலைச் சாய்க்க அவர் இசையவில்லை.

தன்மை, முன்னிலை, படர்க்கை

இலக்கணத்தில் மூவிடம் உண்டு. ‘அட்ஜஸ்ட்’ என்னும் வினையை அம்மூவிடத்திலும் வைத்துப் பார்த்தால் அதன் அறம் தானே விளங்கும்.

தன்மையில் ‘நான் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறேன்’ என்கிறோம். இங்கே நகர்பவர் நாமே; இழப்பும் நம்முடையதே. முன்னிலையில் ‘நீ அட்ஜஸ்ட் செய்துகொள்’ என்கிறோம். இங்கே வாய் நம்முடையது. இழப்பு எதிரில் நிற்பவருடையது. படர்க்கையில் ‘அவர்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள்’ என்கிறோம். இங்கே இழப்பவர் நம் எதிரிலும் இல்லை. தன்மையில் தியாகமாக இருந்த சொல் முன்னிலையில் வேண்டுகோளாகவோ ஆணையாகவோ மாறுகிறது. படர்க்கையில் பெரும்பாலும் அலட்சியமாகிவிடுகிறது.

தன்மையில் இச்சொல் வாழும் இடத்திற்குத் தாராவியையே சான்றாகக் கூறலாம். ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தோல்தொழிலாளர், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர், அங்கேயே பிறந்து வளர்ந்த கோலி மீனவர், உத்தரப் பிரதேசத்து நெசவு, தையல் தொழிலாளர் எனப் பலரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றனர். பொங்கல் நாளில் தமிழ்ப் பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டிப் பானை வைக்கும்போது, அந்தத் தெருவில் நடப்பவர் அனைவரும் சிறிது ஒதுங்கித்தான் செல்ல வேண்டும், செல்கின்றனர்.

இந்த நெருக்கமும் ஒருமுறை முறிந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். தாராவியும் தப்பவில்லை. அதன்பின் அண்டை வீட்டாரிடையே அமைதியை மீட்கும் பணியில் முன்னின்றவர்களுள் பாவ் கோர்டே, வகார் கான் என்னும் இரு நண்பர்களும் அடங்குவர். ஒருவர் ஹிந்து, மற்றவர் முஸ்லிம். செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மொந்தேரோவும் கே.பி. ஜெயசங்கரும் இவர்களைப் பற்றி ‘நாதா’ என்னும் ஆவணப்படத்தை 2003ஆம் ஆண்டு எடுத்தனர். ‘நாதா’ என்றால் உறவு. இவர்கள் நாடியது ‘நடந்ததை மறந்துவிடுங்கள்’ என்னும் மலிவான சமாதானம் ஆகாது. தம் சமூகத்தாரிடம் தாமே பேச முன்வந்தனர். ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து முதலில் நகர்ந்தனர். ‘நீ நகர்’ என்று தொடங்கியிருந்தால் அப்பேச்சு முதல் வாசலிலேயே முடிந்திருக்கும்.

‘நீ பொறுத்துக்கொள்’

முன்னிலைக்கு வருவோம். நம் குடும்பங்களில் இச்சொல் மிகுதியாக உபதேசிக்கப்படுவது யாருக்கு? பெரும்பாலும் பெண்ணுக்கே. திருமணம் என்பது இருவரின் பழக்கங்கள் ஒன்றையொன்று தழுவிச் செல்வது. அதில் விட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது. காப்பியில் சர்க்கரையின் அளவும், உறங்கும் நேரமும், உறவினர் வருகையும் இருவரும் இசைந்து அமைத்துக்கொள்ள வேண்டியவை. இவற்றில் பிடிவாதம் பேதைமை. ஆனால் அடியும் உதையும் வரதட்சிணைக் கொடுமையும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை ஆகா. சர்க்கரைக்குச் சொன்ன அதே சொல்லைச் சவுக்கடிக்கும் சொல்லும்போதுதான் சொல் நஞ்சாகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட வரதட்சிணை மரணங்கள் அரசின் குற்றப் பதிவேட்டில் ஏறின. அவர்களுள் எத்தனை பேர் ஒருநாள் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்று, ‘சற்று அட்ஜஸ்ட் செய்துகொள்’ என்னும் அறிவுரையோடு திரும்பியிருப்பார்கள்!

மேற்குறித்த டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984ஆம் ஆண்டு மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் அங்கே அமர்ந்து, வரும் பெண் சொல்வதை முழுமையாகக் கேட்பார். அவளுக்கு என்ன வேண்டும் என்பதே முதற்கேள்வி. இம்முயற்சி பின்னர் வேறு பல இடங்களுக்கும் பரவியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்வதற்குமுன் ‘எதனைப் பொறுக்கிறாய்?’ என்று கேட்கும் பண்பைச் சட்டமும் நிறுவனமும் கற்றுக்கொண்டிருக்கின்றன. குடும்பங்கள் இன்னும் கற்க வேண்டியுள்ளது.

இங்கே ஆன்மிக நாட்டம் உடையவர்க்கு ஓர் ஐயம் எழலாம். ‘பொறுமை உயர்ந்த குணம் அன்றோ? குளிரையும் வெப்பத்தையும், இன்பத்தையும் துன்பத்தையும் பொறுத்துக்கொள் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே பகவான் கூறுகிறாரே?’ உண்மை. ஆயின் அது யாரிடம், எதன்பொருட்டுக் கூறப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். தனக்கு நேரும் குளிர் வெப்பங்களைப் பொறுத்து, அதனால் கடமையில் தளராமல் நிற்கும்படி அர்ஜுனனுக்குச் சொல்லப்பட்டது. அநீதியோடு இசைந்து வீடு திரும்பும்படி அங்கே சொல்லப்படவில்லை. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுப்பது தவம். பிறருக்கு இழைக்கப்படும் துன்பத்தை நாம் பொறுத்துக்கொள்வது தவமாகாது. மகளின் காயத்தைத் தந்தை பொறுத்துக்கொள்வதில் என்ன தியாகம் இருக்கிறது?

அங்கே இல்லாதவர்

படர்க்கை இன்னும் நுட்பமானது. ஏனெனில் அங்கே நம் சொல்லால் நகர்த்தப்படுபவரின் முகம் நமக்குத் தெரிவதில்லை.

செம்பூரின் தெற்கே மாகுல் என்னும் பகுதி உள்ளது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனத் தொழிலகங்களும் சூழ்ந்த இடம். நகரின் பிற பகுதிகளில் குடிசைகள் அகற்றப்பட்டபோது, வீடிழந்த பல்லாயிரவர் மாகுலின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்பகுதியின் காற்று மக்களின் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கிறது என 2015ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. மக்கள் நீதிமன்றத்தை நாடினர். வேறிடம் தர இயலாவிடில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ள மாதம் 15,000 ரூபாய் வழங்குமாறு 2019ஆம் ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வரைபடத்தில் கட்டடம் காலியாக இருப்பதைக் கண்டு, ‘அங்கே போய் அவர்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள்’ என்று எண்ணுவது எளிது. மூச்சு விட வேண்டியவர் அந்த அறையில் இருப்பதில்லை. தாராவியையே மாற்றியமைக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு, இப்போது செயல்வடிவம் பெறத் தொடங்கியிருக்கிறது. யார் எங்கே நகர வேண்டும் என்னும் கேள்வி எழும் ஒவ்வொரு நாளிலும் மாகுலின் பாடம் நினைவில் நிற்க வேண்டும்.

நாம் போற்றிய அந்த ரயிலுக்கும் இப்பாடம் பொருந்தும். நெரிசல் வேளையில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நிலைக்கு ரயில்வே துறையே தனிப் பெயர் வைத்திருக்கிறது. 2023, 2024 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் புறநகர் ரயில் பாதைகளில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தைக் கடந்தவரும் வண்டியிலிருந்து விழுந்தவரும் அவர்களுள் மிகப் பலர். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வாயிலில் தொங்கிச் சென்றவர்கள் விழுந்தனர்; அன்றே நால்வர் மாண்டனர். பயணி இன்னொரு பயணிக்காக நகர்வது அன்பு. அந்த அன்பையே நம்பி, வேண்டிய வண்டிகளை விடுவதில் காலம் தாழ்த்துவது அன்பாகாது. மக்களின் பொறுமை நிர்வாகத்தின் மூலதனமாகிவிடக் கூடாது.

படர்க்கையின் குற்றம் அரசுக்கும் நிர்வாகத்திற்கும் மட்டும் உரியதா? ‘என் பிள்ளைக்கு ஓர் இடம் அட்ஜஸ்ட் செய்து கொடுங்கள்’ என்று கல்லூரியில் கேட்கிறோம். ‘வரிசை நீளமாக இருக்கிறது, சற்று அட்ஜஸ்ட் செய்யுங்கள்’ என்று மருத்துவமனையில் தெரிந்தவரிடம் சொல்கிறோம். கேட்பவரும் நல்லவர், செய்து தருபவரும் நல்லவர், இருவருக்கும் மகிழ்ச்சி. இழந்தவர் எங்கே? பட்டியலில் அடுத்த பெயருக்கு உரிய மாணவர் அந்த அறையில் இல்லை. விடியலிலேயே வந்து காத்திருந்த நோயாளிக்குத் தன் முறை தள்ளிப்போனது தெரியவும் தெரியாது. ரயிலில் மூவர் தம் இடத்தைக் கொடுத்தனர். இங்கே இருவர் சேர்ந்து மூன்றாமவரின் இடத்தைக் கொடுத்துவிடுகின்றனர். பிறர் பொருளைத் தானம் செய்வதை எந்த அறநூலும் ஈகை என்று சொல்லவில்லை.

தமிழில் ‘சரிக்கட்டுதல்’ என்று ஒரு சொல் உண்டு. சமமாக்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். எதிர்ப்பவரைக் கையூட்டால் இணங்கச் செய்தல் என்பது வழக்கில் வந்த பொருள். ‘அட்ஜஸ்ட்’ சென்ற பாதையிலேயே நம் சொல்லும் சென்றிருப்பதைக் காண்க. பிழை சொல்லில் இல்லை. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் மனத்தில் இருக்கிறது. கேரளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய 2017ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. பெண்களிடம் தகாத இணக்கத்தைக் கோருவதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்னும் சொல் அங்கே வழங்கிவருவதை அது சுட்டிக்காட்டியது. கொடியதொரு கோரிக்கைக்கு எத்தனை மென்மையான உறை!

சபையில் நிலவிய மௌனம்

மகாபாரதம் இக்கேள்வியை இரு காட்சிகளில் வைத்துக் காட்டுகிறது. சூதாட்ட மண்டபத்தில் திரௌபதி நியாயம் கேட்டபோது, சபையில் அறிஞரும் வீரரும் நிறைந்திருந்தனர். தர்மம் நுட்பமானது என்றார் பீஷ்மர். மற்றவர் தலை கவிழ்ந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. உண்ட சோறு, ஏற்ற பதவி, செய்த சபதம், குடும்ப ஒற்றுமை ஆகியவற்றோடு அவர்கள் தம்மை இசைவித்துக்கொண்டனர். விதுரரையன்றி எழுந்து பேசியவன் கௌரவர்களுள் இளையவனான விகர்ணன். அச்சபையோடு இசைந்து போகத் தெரியாதவன் அவன். ஆதலால் அவன் பெயர் நிலைத்தது.

மற்றொரு காட்சியில் பாண்டவர்களே இறங்கி வருகின்றனர். பாதி நாட்டுக்கு உரியவர்கள் ஐந்து ஊர்கள் போதும் என்றனர். அதனினும் பெரிய விட்டுக்கொடுத்தல் எது? தம் உரிமையில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ள அவர்கள் ஆயத்தமாக இருந்தனர். ஊசி முனையளவு நிலமும் இல்லை என்று துரியோதனன் மறுத்தபின், அதற்கும் இசைந்து போவது தர்மம் ஆகாது என்றே கண்ணன் முடிவு செய்தான். தன் பங்கில் குறைத்துக்கொள்ளலாம். தர்மத்தின் பங்கில் குறைக்கலாகாது.

நம் காலத்திலும் இதே கருத்தை ஒருவர் உரைத்தார். 1959ஆம் ஆண்டு இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், மும்பையில் காந்தியடிகள் தங்கிய மணி பவன் இல்லத்திற்கு வந்து, அங்கேயே தங்க விரும்பித் தங்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1967 செப்டம்பரில், அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் உரையாற்றினார். சூழலோடு பொருந்தாத மனம் நோயுற்றது என்பது உளவியலாரின் வழக்கமான கூற்று. மனநலத்திற்குப் பொருந்தி வாழ்தல் வேண்டும் என்பதை கிங் மறுக்கவில்லை. ஆயினும் இனவெறி, சிலரின் வளத்திற்காகப் பலரின் உணவைப் பறித்தல் போன்றவற்றோடு ஒருபோதும் பொருந்தாமல் இருப்பதே நலம் என்பது அவர் கருத்தின் சாரம். காந்தியடிகளும் சமரசத்தின் அழகைப் போற்றியவரே. ஆனால் அடிப்படைக் கொள்கைகளில் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் இடம் தரவில்லை.

சுருதியும் தந்தியும்

நெகிழ்வும் உறுதியும் ஒருவரிடமே எப்படிச் சேர்ந்திருக்க முடியும்? மாட்டுங்காவின் கச்சேரி மேடைகளில் இதற்கு விடை உண்டு. ஸ்ரீ சண்முகானந்தா சபா 1952ஆம் ஆண்டு தோன்றியது. கிங்ஸ் சர்க்கிள் அருகே அதன் பேரரங்கம் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுத் தீயில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1998 முதல் மறுபடி இசையால் நிறைகிறது. கச்சேரி தொடங்குமுன் மேடையில் நடப்பதைப் பொறுமையோடு கவனித்தவர்கள் அறிவர். தம்புராவின் பிருடையை முறுக்கி, மணிகளை மயிரிழை அளவு நகர்த்திச் சுருதி சேர்க்கின்றனர். வயலின் தந்தி இறுகுகிறது. மிருதங்கத்தின் விளிம்பைச் சிறு கல்லால் தட்டிச் சரிசெய்கிறார் வித்வான். பாடகரும் குரலை அதில் பொருத்திக்கொள்கிறார். பாடும்போது ஒருவர் வேகம் கூட்டினால் மற்றவர் தொடர்வதும், ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் நிரப்புவதும் ஓயாமல் நடக்கின்றன. கச்சேரி முழுவதும் அட்ஜஸ்ட்தான்!

ஆனால் ஒன்று மட்டும் நகர்வதில்லை. அது சுருதி. மூன்று மணி நேரமும் எல்லோரும் அதை நோக்கியே நகர்கின்றனர். தந்தி தளர்ந்துவிட்டது என்பதற்காகச் சுருதியைத் தாழ்த்திக்கொள்வோம் என்று எவரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் ஒருவருக்கொருவர் இசைந்தும் இசை இருக்காது. சுருதி அசையாமல் நிற்பதனாலேயே கலைஞர்கள் அத்தனை சுதந்திரமாக நெகிழ முடிகிறது.

வாழ்விலும் அவ்வாறே. சத்தியமும் பிற உயிர்களின் நலமும் சுருதி. நம் வசதி, பழக்கம், கௌரவம், ருசி, பிடிவாதம் ஆகியவை தந்திகள். தந்திகளை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம், தளர்த்தலாம். நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழ். கௌரவத்தில் ஓர் அங்குலமும் நகராமல், உண்மையில் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறோம். அண்டை வீட்டாரின் பாட்டுச் சத்தத்தைப் பொறுக்க முடியாத நமக்கு, அலுவலகத்தின் பொய்க்கணக்கைப் பொறுக்க முடிகிறது.

அன்பர்களே! இந்தச் சொல்லை நாவிலிருந்து அகற்ற வேண்டியதில்லை. நெருங்கி வாழும் நாட்டில் அது தேவையான சொல். நாவில் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். நகர்வது நானா, பிறரா? நகர்பவர் தம் விருப்பத்தோடு நகர்கிறாரா? இங்கே இல்லாத ஒருவரின் இடம் இதனால் பறிபோகிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால், எங்கே நகர்ந்து இடம் தர வேண்டும், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்பது விளங்கும். முதலாவதற்கு அன்பு வேண்டும்; இரண்டாவதற்குத் துணிவு வேண்டும். ஒன்றைப் பழகியவருக்கே மற்றதும் கைகூடும். சிறியவற்றில் நாள்தோறும் தன்னை நகர்த்திப் பழகியவரிடம் இழப்பதற்கு அஞ்சும் மனம் இருப்பதில்லை. அவரே பெரியவற்றில் அசையாமல் நிற்பார். அப்பயிற்சியை நாளைக் காலைப் பயணத்திலிருந்தே தொடங்குவோமாக.